ரயில் போன தூரம் வரை லீக்: ஜெர்மனியில் ஏழு நாள்

ஏப்ரல் 17, 2025, வியாழன் – டோர்ட்முண்ட்

மூன்று வார அலுவலக வேலைக்காக டுஸ்ஸல்டார்ஃபுக்கு வந்திருக்கிறேன். ஈஸ்டர் விடுமுறையோடு கொஞ்சம் லீவும் சேர்ந்து ஒரு வாரம் கையில் கிடைத்தது. கூட வேலை பார்க்கிறவர்கள் பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் என்று கிளம்பிவிட்டார்கள். நான் கௌலிகா என்ற, நாஜி காலத்தோடு செத்துப்போன ஒரு ஜெர்மன் கால்பந்து லீக்கைத் தேடிக் கிளம்பினேன்.

காரணம் ஒரே ஒரு வரிதான். ஜெர்மன் சாம்பியன்கள் பட்டியலை ஒரு நாள் வெட்டியாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது 1941-க்கு நேரே ‘ராபிட் வியன்னா’ என்று இருந்தது. வியன்னா ஆஸ்திரியாவின் தலைநகரமாயிற்றே, அது எப்போது ஜெர்மனியின் சாம்பியன் ஆனது? ஹிட்லர் 1938 மார்ச்சில் ஆஸ்திரியாவை விழுங்கிய பிறகு ஆனது. அங்கே பிடித்த நூல்தான் இந்தப் பயணம்.

இந்த வருடம் (2025) மாதம் 58 யூரோவுக்கு ஒரு டிக்கெட் உண்டு. நாடு முழுக்க டிராம், பஸ், வட்டார ரயில் எல்லாவற்றிலும் ஏறலாம், அதிவேக ரயில் மட்டும் கூடாது. சிக்கனம் என்று அதை வாங்கிவிட்டேன். அந்தச் சிக்கனத்துக்கு என் முதுகு என்ன விலை கொடுத்தது என்பது போகப்போகத் தெரியும்.

டோர்ட்முண்ட் ஸ்டேஷன் எதிரிலேயே கால்பந்து அருங்காட்சியகம். அங்கே பார்க்க வந்தது விக்டோரியாவை. வெற்றித் தேவதை உட்கார்ந்திருக்கும் சிலை. 1903 முதல் 1944 வரை ஜெர்மன் சாம்பியனுக்கு இதைத்தான் கொடுத்தார்கள். போர் முடிந்தபோது காணாமல் போய்விட்டது. இப்போது கொடுக்கிற தட்டு அதற்குப் பதிலாக 1949-இல் செய்தது. தேவதையோ கிழக்கு ஜெர்மனியில் பத்திரமாக இருந்து, இரண்டு ஜெர்மனிகளும் சேர்ந்த பிறகுதான் திரும்பி வந்தாள். ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் இரைச்சலோடு உள்ளே வந்து, 1954, 1974 உலகக் கோப்பைப் பக்கம் ஓடிவிட்டது. தேவதையோடு நான் மட்டும் நின்றேன்.

நான் தேடும் கௌலிகா பிறந்த கதை இது. 1933-இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் பழைய வட்டாரச் சங்கங்களைக் கலைத்துவிட்டு நாட்டை 16 கௌக்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மேல்மட்ட லீக், பெரும்பாலும் பத்து அணிகள். 16 சாம்பியன்களும் கடைசியில் தங்களுக்குள் மோத வேண்டும். ‘கௌ’ என்பது வட்டாரத்துக்கு வழக்கொழிந்த பழைய சொல். மாவட்டம் என்பதை எடுத்துவிட்டு யாராவது சோழர் காலத்துக் ‘கூற்றம்’ என்று பெயர் வைத்தால் நமக்கு எப்படி இருக்கும், அப்படி. தொழிலாளர் விளையாட்டுச் சங்கங்களை அந்த வருடமே தடை செய்தார்கள். கத்தோலிக்கச் சங்கங்களுக்கு 1935-இல் அதே கதி. யூதர்கள் தங்களுக்கென்று தனி லீக் வைத்து 1938 நவம்பர் வரை ஆடினார்கள், பிறகு அதுவும் இல்லை.

வெளியே வந்தால் நல்ல மழை. ஸ்டேஷன் ஓரக் கடையில் கறிவர்ஸ்ட் என்ற தொத்திறைச்சியும் உருளைக்கிழங்கு வறுவலும் எட்டரை யூரோ. குழம்பில் கறிப்பொடி வாசனை இருந்தது, காரம் இல்லை. தட்டோடு ஸ்டேஷன் வாசலில் ஒதுங்கி நின்றபோது யூலியுஸ் ஹிர்ஷ் நினைவு வந்தது. கார்ல்ஸ்ரூஹே அணிக்காக 1910-இல் இதே விக்டோரியாவை வென்றவர். ஜெர்மனிக்காக ஏழு ஆட்டம் ஆடியவர். முதல் உலகப் போரில் ஜெர்மன் சிப்பாய். 1933 ஏப்ரலில் தெற்கு ஜெர்மனியின் பெரிய கிளப்புகள், அவருடைய கிளப்பும் சேர்ந்துதான், யூதர்களை வெளியேற்ற ஒத்துழைப்போம் என்று அறிக்கை விட்டன. யாரும் கட்டாயப்படுத்துவதற்கு முன்பே! செய்தியைப் பத்திரிகையில் படித்த ஹிர்ஷ் தானே விலகல் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார்.

1943 மார்ச் 1 அன்று கார்ல்ஸ்ரூஹேயில் அவரை ரயிலேற்றினார்கள். மார்ச் 3 தேதியிட்டு மகளின் பிறந்தநாளுக்கு ஒரு அஞ்சலட்டை வந்தது. நலமாக இருக்கிறேன், மேல் சைலீசியாவுக்குப் போகிறேன் என்று இரண்டு மூன்று வரி. அஞ்சல் முத்திரை டோர்ட்முண்ட். ரயில் போய்ச் சேர்ந்த இடம் ஆஷ்விட்ஸ் கொலை முகாம். அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

மீதி வறுவல் இறங்கவில்லை. அப்படியே வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 18, வெள்ளி – கெல்சென்கிர்ஷென்

புனித வெள்ளி. கடைகள் எல்லாம் மூடல் என்பதைத் தெருவில் இறங்கிய பிறகுதான் உணர்ந்தேன். ஸ்டேஷன் பேக்கரியில் ஒரு சீஸ் பன்னும் காபியும், ஆறு யூரோ எழுபது. கழிப்பறைக்கு ஒரு யூரோ தனி.

302-ஆம் எண் டிராமில் எதிரே நீல வெள்ளை மஃப்ளர் போட்ட ஒரு தாத்தா. நான் குளூக்அவுஃப் மைதானத்துக்கு வழி கேட்டதும், “புது அரங்கம் இன்னும் தள்ளிப் போக வேண்டும்” என்றார். பழையதுதான் வேண்டும் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தானும் என்னோடு எர்ன்ஸ்ட் குஸோரா சதுக்கத்திலேயே இறங்கிவிட்டார். அவர் இறங்க வேண்டிய இடம் அது இல்லை.

1928-இல் திறந்த மைதானம். இப்போது பழைய மேடையும் அதைச் சுற்றிப் புல்லும்தான். ஷால்கே 04 கிளப் இங்கேதான் ஆடியது. கௌலிகா வெஸ்ட்ஃபாலனில் முழுதாக நடந்த 11 பருவத்திலும் சாம்பியன். 189 ஆட்டத்தில் தோல்வி வெறும் ஆறு. 1935 முதல் 1939 வரை லீக்கில் ஒரு தோல்வி கூடக் கிடையாது. நாட்டு சாம்பியனாக 1934 தொடங்கி 1942 வரை ஆறு முறை. அப்படி ஒரு லீக்கில் ஒன்பது அணிகள் எதற்காக வாரா வாரம் ஆடின என்று எனக்குப் புரியவில்லை. இரண்டாம் இடத்துக்காகத்தான் இருக்கும்.

தாத்தா மழையில் கையை வட்டமாகச் சுழற்றிக் காட்டினார். கிரைசல், அதாவது பம்பரம். சின்னச் சின்ன பாஸாக, எதிரி தலைசுற்றிப் போகும்வரை பந்தைச் சுழற்றுகிற ஆட்டம். அதன் இரண்டு கால்கள் குஸோராவும் ஃப்ரிட்ஸ் ஸெபானும். மைத்துனர்கள். 1934 இறுதி ஆட்டத்தில் நியூரம்பர்க் ஒரு கோல் முன்னே இருக்க, முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது ஸெபான் சமன் செய்தார். கடைசி நிமிடத்தில் குடலிறக்க வலியோடு ஆடிக்கொண்டிருந்த குஸோரா வெற்றிக் கோலை அடித்துவிட்டு மயங்கி விழுந்தார்.

போலந்துப் பத்திரிகைகள் உடனே ‘ஜெர்மன் கோப்பை போலந்துக்காரர்கள் கையில்’ என்று எழுதின. அணியில் பாதிப் பேருக்கு அந்தப் பக்கத்துப் பெயர். கிழக்கிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். கிளப் பதறிப்போய், எங்கள் ஆட்களின் பெற்றோர் எல்லாம் ஜெர்மனியில் பிறந்தவர்கள்தான் என்று பட்டியல் போட்டு விளக்கம் கொடுத்தது.

“குஸோரா தங்கமான மனுஷன்” என்றார் தாத்தா. ஸெபான் எப்படி என்று கேட்டேன். “ஆட்டக்காரன்” என்று மட்டும் சொன்னார். எனக்குத் தெரிந்தது இது: 1938-இல் ஷால்கே சந்தைச் சதுக்கத்தில் இருந்த ஒரு யூதத் துணிக்கடையை ஸெபான் அடிமாட்டு விலைக்கு வாங்கினார். கடைக்குச் சொந்தக்காரர்கள் பிறகு ரீகாவுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். ஷால்கேயை நாஜிகள் உருவாக்கிய கிளப் என்பது அநியாயம். ஆனால் வாசலில் வந்த லாபத்தைக் கதவடைத்துத் திருப்பி அனுப்பியவர்களும் இல்லை.

பக்கத்தில் புனித ஜோசப் தேவாலயம். அலோசியஸ் புனிதர் காலடியில் கால்பந்தோடு நிற்கும் கண்ணாடி ஜன்னல் அங்கே உண்டு. நான் போன நேரம் கதவு சாத்தியிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் வண்ணக் கண்ணாடி எல்லாம் ஒரே கறுப்பு. தாத்தா கையை விரித்து, தொப்பியைத் தொட்டு, அடுத்த டிராமில் ஏறிப் போய்விட்டார்.

ஏப்ரல் 19, சனி – ஹாம்பர்க்

மூன்று ரயில் மாறி ஐந்து மணி நேரத்தில் வர வேண்டியது. நடுவில் ஒரு ரயில் ரத்து, ஏழு மணி நேரம் ஆகிவிட்டது. மேடையில் நின்றவர்கள் யாரும் சத்தம் போடவில்லை. ஒரு பெரிய பெருமூச்சு, அவ்வளவுதான். நாற்பது வயதுப் பெண் ஒருவர் பையிலிருந்து மடக்கு நாற்காலியை எடுத்து விரித்து உட்கார்ந்தார். அனுபவசாலி.

பெர்கெடார்ஃபில் இறங்கி நோயெங்கம்மே போகும் பஸ்ஸைப் பிடித்தபோது மதியம் தாண்டிவிட்டது. டிரைவரிடம் இடத்தின் பெயரைச் சொன்னதும், திரும்புவதற்கான கடைசி பஸ் நேரத்தை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

கால்பந்துப் பயணத்தில் வதை முகாம் எதற்கு? இரண்டு பேருக்காக. ஹாம்பர்க் எஸ்.வி. 1923-லும் 1928-லும் சாம்பியன் ஆனது. இரண்டிலும் முன்னால் கோல் அடித்தவர் ஒட்டோ ‘டுல்’ ஹார்டர், நடுவில் ஆட்டத்தைக் கட்டி ஆண்டவர் அஸ்பியோர்ன் ஹால்வோர்சன் என்ற நார்வேக்காரர். ஹார்டர் நாஜிகளின் எஸ்.எஸ். படையில் சேர்ந்து இந்த முகாமில் காவலர் ஆனார், பிறகு ஹானோவர் பக்கத்துக் கிளை முகாமுக்குத் தலைவர். ஹால்வோர்சன் நாடு திரும்பி, நார்வே அணிக்குப் பயிற்சி கொடுத்தார். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஹிட்லர் பார்த்துக்கொண்டிருக்க ஜெர்மனியை 2-0 என்று வீழ்த்தியது அந்த அணிதான். பிறகு நார்வேயை ஜெர்மானியர்கள் பிடித்தார்கள். அவர்களுடைய விளையாட்டு அமைப்புக்கு ஒத்துழைக்க மறுத்த ஹால்வோர்சனைக் கைது செய்து முகாம் முகாமாக அலைக்கழித்தார்கள். கடைசியாக வந்து சேர்ந்த இடம் நோயெங்கம்மே. அப்போது ஹார்டர் ஹானோவர் பக்கம் போய்விட்டிருந்தார். ஒரே ஜெர்சி, ஒரே முகாம், வேறு வேறு வருடம்.

செங்கல் சூளைக் கட்டடம் அப்படியே நிற்கிறது, நீளமாக, பார்வை முடியும்வரை. கால்வாயில் களிமண் படகு இழுத்த இடத்தில் இரண்டு வாத்துகள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அடைத்த முகாம் இது. குறைந்தது 42,900 பேர் இறந்தார்கள். காற்று ஊசி மாதிரி குத்தியது. ஜாக்கெட் ஜிப் வேறு பாதியில் மாட்டிக்கொண்டது. அதைப் பற்றிப் புலம்ப அங்கே வாய் வரவில்லை.

ஹார்டருக்கு 1947-இல் ஆங்கிலேய ராணுவ நீதிமன்றம் 15 வருடம் போட்டது, நாலரை வருடத்தில் வெளியே வந்துவிட்டார். 1974 உலகக் கோப்பைக்கு ஹாம்பர்க்கில் அச்சடித்த கையேட்டில் நகரத்தின் பெருமைக்குரிய ஆட்டக்காரர்களில் ஒருவராக அவரைப் போட்டிருந்தார்கள். கடைசி நேரத்தில் யாரோ கவனித்து அந்தப் பக்கத்தைக் கிழித்தெடுத்தார்கள்.

இரவு துறைமுகத்தில் மீன் பன், ஐந்தரை யூரோ. ஹெர்ரிங் மீனும் வெங்காயமும். இந்த வாரத்தில் நான் சாப்பிட்டதிலேயே நல்ல சாப்பாடு.

ஏப்ரல் 20, ஞாயிறு – வழியில் பெர்லின்

ஈஸ்டர். நேற்று சூப்பர் மார்க்கெட்டில் ஊரே வரிசையில் நின்றது ஏன் என்று இப்போது விளங்கியது. இன்றும் நாளையும் எதுவும் திறக்காது.

டிரெஸ்டன் போகும் வழியில் ஒலிம்பிக் மைதானத்தை வெளியிலிருந்து பார்க்க ஒரு மணி நேரம் ஒதுக்கினேன். சாம்பல் கல், பெரிய தூண்கள். 1939-இல் ஷால்கே இங்கே வியன்னாவின் அட்மிராவை 9-0 என்று நொறுக்கியது. வியன்னாக்காரர்கள் அதை மறக்கவில்லை. அடுத்த வருடம் வியன்னாவில் இதே இரண்டு அணிகளும் ‘நட்பு’ ஆட்டம் ஆடியபோது கலவரமாகி, நாஜி ஆளுநர் ஷிராக்கின் கார் டயரைக் கிழித்துவிட்டார்கள்.

என்னை இழுத்து வந்த அந்த 1941 வரியும் இங்கேதான் எழுதப்பட்டது. ஜூன் 22. அன்று விடிகாலையில் ஜெர்மன் படை சோவியத் யூனியனுக்குள் புகுந்தது. மத்தியானம் இங்கே மைதானம் நிரம்பி வழிந்தது. ஷால்கே 3-0 என்று முன்னே போனது. அப்புறம் ஃபிரான்ஸ் பிண்டர் தனியாக மூன்று அடிக்க, ராபிட் 4-3. பெர்லின்தான் வியன்னாவை ஜெயிக்க வைத்தது என்று ஒரு பேச்சு அன்றிலிருந்தே உண்டு, யாரும் நிரூபித்ததில்லை.

படை போன பக்கமெல்லாம் லீக்கும் போனது. ஆஸ்திரியா, சுடேட்டன்லாந்து, டான்சிக், அல்சாஸ். ஸ்ட்ராஸ்பர்க் கிளப்புக்கு ஜெர்மன் பெயர் வைத்து அல்சாஸ் லீக்கில் சேர்த்தார்கள். லக்சம்பர்க்கின் டூடெலாஞ்ச் கிளப், பெயர் மாற்றப்பட்டு, 1942 ஜெர்மன் சாம்பியன்ஷிப்பில் ஷால்கேயோடு ஆடித் தோற்றது. இந்த லீக்கின் அணிப் பட்டியலை வருட வாரியாக அடுக்கி வைத்தாலே போதும், போர் வரைபடம் தனியாக வேண்டாம்.

டிரெஸ்டன் வந்து சேர இரவு பதினொன்று. விடுதியின் பொதுச் சமையலறையில் யாரோ விட்டுப்போன அரிசியை வேகவைத்து, பையிலிருந்த பருப்புப் பொடியைப் போட்டுச் சாப்பிட்டேன். நெய் இல்லை. பரவாயில்லை.

ஏப்ரல் 21, திங்கள் – டிரெஸ்டன்

காலையில் விடுதி வரவேற்பில் இருந்த பெண் போனைப் பார்த்துவிட்டு, “போப் இறந்துவிட்டார்” என்றார். கொஞ்ச நேரத்தில் ஊருக்குள் மணி அடித்தது.

மைதானத்துக்கு நடந்து போகிற வழியில் கண்ணாடிக் குவிமாடமும் மினார் மாதிரி கோபுரமுமாக ஒரு கட்டடம். இங்கே இவ்வளவு பெரிய பள்ளிவாசலா என்று வியந்து படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டேன். பிறகு பலகையைப் படித்தால், யெனிட்சே, பழைய சிகரெட் தொழிற்சாலை. கோபுரம் புகைபோக்கி. அண்ணன் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

ஆஸ்ட்ரகேகெ மைதானம் இன்று ஹைன்ஸ் ஸ்டையர் அரங்கம், புத்தம் புதிதாகக் கட்டியது. போர்க்காலத்தில் இது டிரெஸ்ட்னர் எஸ்.சி.யின் வீடு. 1940, 41-இல் கோப்பை, 1943, 44-இல் சாம்பியன். விக்டோரியா சிலையைக் கடைசியாகத் தூக்கியவர்கள் இவர்கள்தான். 1944 ஜூன் 18 அன்று பெர்லினில் அவர்கள் 4-0 என்று வீழ்த்திய அணி எது தெரியுமா? எல்.எஸ்.வி. ஹாம்பர்க், விமானப் படையின் கிளப். பல ஊர் ஆட்டக்காரர்களைச் சீருடையில் ஒரே இடத்துக்கு மாற்றல் செய்து உருவாக்கிய அணி. மற்ற கிளப்புகளோ ஆள் இல்லாமல் திண்டாடின. பக்கத்து முகாமில் இருக்கும் சிப்பாய்களை விருந்தாளி ஆட்டக்காரர்களாக இரவல் வாங்கின, அதுவும் போதாமல் இரண்டு கிளப் சேர்ந்து போர்க்காலக் கூட்டணியாக ஆடின.

அந்த 4-0-இல் ஒரு கோல் ஹெல்முட் ஷோன் அடித்தது. பிறகு 1974-இல் மேற்கு ஜெர்மனிக்குப் பயிற்சியாளராக உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர்.

1945 பிப்ரவரி 13 இரவு ஆங்கிலேய விமானங்கள் இந்த ஊரை எரித்தபோது, வானிலிருந்து எளிதாக அடையாளம் காணத் தேர்ந்தெடுத்த குறி இந்த மைதானம்தான். இங்கே விளக்கெறிந்து, இங்கிருந்து விசிறி மாதிரி விரிந்து குண்டு போட்டார்கள். சாம்பியன்களின் புல்தரை ஊர் எரிவதற்கு அடையாளப் புள்ளி. எல்பே நதியின் வளைவில் அந்தப் பச்சைத் திட்டு தெளிவாகத் தெரியும் என்பதை மேப்பில் பார்த்தாலே ஒப்புக்கொள்வீர்கள்.

இன்று ஒரு அப்பாவும் சின்னப் பெண்ணும் வேலிக்கு வெளியே பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். பந்து என் பக்கம் வந்தது. திருப்பி உதைத்தேன், நேராகச் சேற்றுக் குட்டைக்குள் போய் விழுந்தது. அப்பா “நன்றி” என்றார். கேலி இல்லாமல் எப்படிச் சொன்னாரோ.

போருக்குப் பின் கிளப்பைக் கலைத்து, ஃப்ரீட்ரிஷ்டாட் என்ற பெயரில் ஆட விட்டார்கள். 1950 ஏப்ரலில் கிழக்கு ஜெர்மன் சாம்பியனைத் தீர்மானிக்கும் ஆட்டத்தில் ஸ்விக்காவ் தொழிற்சாலை அணியிடம் 1-5. முரட்டு ஆட்டம், கண்டுகொள்ளாத நடுவர். கூட்டம் மைதானத்துக்குள் புகுந்தது. கொஞ்ச நாளில் ஷோனும் பெரும்பாலான ஆட்டக்காரர்களும் மேற்கு பெர்லினுக்குப் போய்விட்டார்கள்.

மாலையில் திறந்திருந்த ஒரே கபேயில் ஐயர்ஷெக்கே, அடியில் மாவு, நடுவில் தயிர்ப் பாலாடை, மேலே முட்டைக் கிரீம் என்று மூன்றடுக்குக் கேக். நாலு யூரோ இருபது. இரண்டு சாப்பிட்டேன்.

ஏப்ரல் 22, செவ்வாய் – ரயில்

டிரெஸ்டன், ஹோஃப், மியூனிக். எட்டரை மணி நேரம். முதுகு தனிக் குடித்தனம் போய்விட்டது. எதிரே உட்கார்ந்த அம்மா நான் நெளிவதைப் பார்த்துவிட்டு, சாயம் பூசிய ஈஸ்டர் முட்டை ஒன்றையும் காகிதத்தில் மடித்த உப்பையும் நீட்டினார். அது பச்சை முட்டை. வெளியேதான் பச்சை, உள்ளே நன்றாக வெந்தது.

ஜன்னலோரம் யோசித்துக்கொண்டு வந்தேன். லீக்கை உடைத்ததும் இந்தத் தூரம்தான். ரயில்கள் போர்முனைக்குத் தேவைப்பட்டன, நிலக்கரி இல்லை, பாலங்கள் குண்டில் போயின. பவேரியா லீக்கை 1942-இல் வடக்கு, தெற்கு என்று இரண்டாக்கினார்கள், 1944-இல் ஐந்தாக்கினார்கள். ஒரு காலத்தில் வியன்னாவிலிருந்தும் ஸ்ட்ராஸ்பர்க்கிலிருந்தும் சாம்பியன்ஷிப்புக்கு அணிகள் வந்த நாட்டில், கடைசியில் டிராமில் போய் ஆடித் திரும்புகிற தூரம்தான் லீக். 1945-க்குச் சாம்பியனே இல்லை.

ஏப்ரல் 23, புதன் – மியூனிக்

காலையில் ஸேபெனர் தெருவில் குர்ட் லாண்டவர் சிலை. பயர்ன் மியூனிக்கின் முதல் சாம்பியன் பட்டம் 1932-இல் இவர் தலைவராக இருந்தபோது வந்தது. அடுத்த வருடம் மார்ச்சிலேயே விலக நேர்ந்தது, யூதர் என்பதால். 1938-இல் டாஹாவ் வதை முகாமில் 33 நாள், பிறகு ஜெனீவா. உடன்பிறந்தவர்களில் பலர் கொல்லப்பட்டார்கள். அப்படியும் 1947-இல் இதே ஊருக்குத் திரும்பி வந்து இதே கிளப்புக்கு மறுபடியும் தலைவர் ஆனார். எனக்கு அந்த மனசு வராது.

சிலையருகே இரண்டு பையன்கள் இன்றைய ஆட்டக்காரர்களின் கார் வெளியே வருமா என்று காத்திருந்தார்கள். நான் அவர்களைப் படமெடுக்கிறேன் என்று நினைத்து நகர்ந்து வழிவிட்டார்கள்.

இன்றைக்கு இங்கே இருக்க வேண்டும் என்றுதான் பயணத்தையே இப்படி அடுக்கியிருந்தேன். 1945 ஏப்ரல் 23. ரஷ்யப் படை பெர்லினுக்குள், அமெரிக்கப் படை பவேரியாவுக்குள். மியூனிக் விழ இன்னும் ஒரு வாரம். அன்று பயர்னும், அதே ஊரின் இன்னொரு கிளப்பான ‘1860 மியூனிக்’கும் லீக் ஆட்டம் ஒன்றை ஆடி முடித்தன. கௌலிகாவின் கடைசி ஆட்டமாகப் பதிவாகியிருப்பது அதுதான். இன்றோடு சரியாக 80 வருடம்.

மாலையில் கீஸிங் பகுதிக்குப் போய், 1860-காரர்களின் மைதானத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மதுக்கடையில் உட்கார்ந்தேன். சுவரெல்லாம் வான நீலக் கொடி. அரை லிட்டர் பீர் நாலு யூரோ எண்பது, உருளைக்கிழங்கு சூப் ஆறு. சூப்பில் உப்பு தூக்கல். ஊற்றிக் கொடுத்தவருக்கு ஐம்பது வயதிருக்கும், வெள்ளை மீசை. இன்று என்ன நாள் தெரியுமா என்று கேட்டு, 80 வருடக் கதையை எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் சொல்லி முடித்தேன். துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டே முழுவதையும் கேட்டார்.

“சரி, யார் ஜெயித்தது?”

“பயர்ன். 3-2.”

துடைப்பதை நிறுத்தினார். “அதனால்தான் இங்கே யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை” என்று சொல்லிவிட்டு, சூப்புக்கு ஒரு ரொட்டித் துண்டு கொண்டுவந்து வைத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.